மாப்பிள்ளைக்குத் தீர்வு இல்லை

கணிதம் கற்பிக்கிறவர்களுக்கு ஒரு வியாதி உண்டு. உலகத்தில் எந்தக் கேள்வியாக இருந்தாலும் அதற்கு ஒரு விடை இருக்கும், ஒன்றே ஒன்றுதான் இருக்கும், அதுவும் புத்தகத்தின் கடைசிப் பக்கத்தில் அச்சடித்திருக்கும் என்று நம்புவோம். சிலருக்கு இந்த வியாதி பென்ஷன் எடுக்கும்வரை இருக்கும். எனக்கு இருபத்தைந்தாவது வயதில், ஒரு ஞாயிற்றுக்கிழமை மாலை, எங்கள் வீட்டு முன் அறையில், விருந்தாளிகள் முன்னிலையில் குணமானது. குணமான விதம்தான் கொஞ்சம் மோசம்.

அப்போதுதான் எனக்கு ஆசிரியர் நியமனம் கிடைத்திருந்தது. இரத்தோட்டைப் பக்கம் ஒரு பாடசாலை. மாத்தளை டவுனிலிருந்து காலை பஸ்ஸில் போய், பிள்ளைகளுக்கு x எங்கே ஒளிந்திருக்கிறது என்று தேடிக் கொடுத்துவிட்டு, பகல் பஸ்ஸில் திரும்பி வருவேன். அப்பா காலமாகிவிட்டதால் வீட்டில் நான்தான் ஆம்பிளை. (அம்மா அப்படித்தான் சொல்லுவார், கேஸ் சிலிண்டரைத் தூக்க வேண்டிய நேரத்தில் மட்டும்.) "சேர், சேர்" என்று பிள்ளைகள் கூப்பிட ஆரம்பித்ததும் எனக்கு நடையே மாறிவிட்டது. சட்டைப் பையில் எப்போதும் இரண்டு பேனா. கடைக்காரர் "பருப்பு முடிஞ்சிருச்சு தம்பி" என்றால்கூட, "எந்த அடிப்படையில சொல்றீங்க?" என்று கேட்கும் நிலையில் இருந்தேன்.

என் அக்காவுக்கு அப்போது முப்பது வயது. டவுனில் ஒரு பார்மசியில் வேலை செய்தாள். அதற்கு முன் இரண்டு சம்பந்தம் வந்து போயிருந்தன. முதலாவது ஜாதகத்தில் உடைந்தது. இரண்டாவது வயதில் உடைந்தது. மாப்பிள்ளை அக்காவைவிடச் சில மாதம் இளையவர் என்று பேச்சுவாக்கில் தெரிந்ததும், அவருடைய அம்மா, "பொண்ணு மூப்பா இருக்கே" என்று சொல்லிவிட்டு, பாதிக் கேசரியைத் தட்டில் வைத்துவிட்டு எழுந்துபோனார். அந்த ஆள் போனதில் அக்காவுக்குப் பெரிய கவலை இல்லை. ஆனால் அந்தத் தட்டைக் கழுவும்போது, தன்னையும் சேர்த்து மிச்சம் வைத்துவிட்டுப் போனது மாதிரி இருந்தது என்று ஒரே ஒரு தடவை என்னிடம் சொன்னாள். அதற்குப் பிறகு எங்கள் வீட்டில் கேசரி கிண்டுவதில்லை.

அம்மா மட்டும் அந்த அனுபவத்திலிருந்து இரண்டு முடிவுகளை எடுத்தார். ஒன்று, இனி ஜாதகம் பார்ப்பதில்லை. இரண்டு, அக்காவுக்கு வயது இருபத்தெட்டு.

இப்படியிருக்கும்போதுதான் மோகன் வந்தார். பலாபத்வலையில் போன் திருத்தும் கடை வைத்திருந்தவர். அக்காவின் போன் ஒருநாள் தண்ணீர் வாளிக்குள் விழுந்தது. யாரோ சொல்லி அவரிடம் கொண்டுபோய்க் கொடுத்தாள். அவர் திருத்திக் கொடுத்தார். சில வாரத்தில் அந்தப் போன் மறுபடி "சரியில்லாமல்" போனது. மாத்தளை டவுனில் போன் திருத்த ஆளே இல்லாதது மாதிரி, பஸ் ஏறி மறுபடி பலாபத்வலைக்கே போனாள். (அந்தப் போன் வாளிக்குள் விழுந்த நாளைவிட நன்றாக வேலை செய்துகொண்டிருந்ததை நான் கண்ணால் பார்த்தேன். அப்போது எனக்கு இதெல்லாம் விளங்காது. x-ஐத் தவிர வேறெதையும் தேடாத காலம்.) பிறகு கோயிலில் தெரிந்த ஒருவர் மூலமாக அவர்கள் பக்கமிருந்து பேச்சு வந்தது. அம்மா பயந்து பயந்து கேட்டபோது அக்கா, "சரி, வரட்டும்" என்றாள். முந்தின இரண்டு தடவையும் அவள் சொன்னது, "உங்க இஷ்டம்."

மாப்பிள்ளை இரத்தோட்டைக்கு மேலே ஒரு தேயிலைத் தோட்டத்தில் பிறந்தவர். பிறந்த நேரத்தை யாரும் குறித்து வைக்கவில்லை, அதனால் ஜாதகம் இல்லை, பெயர்ப் பொருத்தம் மட்டும் பார்ப்போம் என்று சொல்லி அனுப்பியிருந்தார்கள். அம்மாவுக்குச் சந்தோசம் தாங்கவில்லை. "எங்களுக்கும் இந்த ஜாதகத்துல எல்லாம் நம்பிக்கை இல்லீங்க" என்று பதில் அனுப்பினார். (ராகு காலத்தில் சவர்க்காரம்கூட வாங்காத அம்மா.) பெயர்கள் நன்றாகவே பொருந்தின. மிச்சம் இருந்தது வயது மட்டும். மாப்பிள்ளை அக்காவைவிட மூத்தவரா என்று தெரியவேண்டும். இல்லாவிட்டால் இன்னொரு கேசரி.

"என்ன வயசுன்னு நேரா கேட்டா என்னம்மா?" என்றாள் அக்கா.

"கேட்டா அவங்களும் திருப்பிக் கேப்பாங்க. இருபத்தெட்டுன்னு சொல்லியாச்சு. மூஞ்சியப் பாத்து இன்னொரு தடவ பொய் சொல்ல என்னால முடியாது."

"மொத தடவ எப்படி முடிஞ்சிச்சு?"

"அது ஆள் மூலமா சொன்னது. அது வேற."

நான் கதிரையிலிருந்து எழுந்தேன். இரண்டு பேனாவும் பையில் இருந்தன.

"வயசக் கேக்கவே வேணாம்மா. அவங்க அம்மா, அப்பா வயசு வித்தியாசத்தச் சும்மா பேச்சோட பேச்சா கேட்டு எடுத்துக்கிறேன். மாப்பிள்ளை வயச x-னு வச்சா, ஒரு சமன்பாடு போட்டு ரெண்டு நிமிசத்துல கண்டுபுடிச்சிருவேன். அவங்களுக்குத் தெரியவே தெரியாது."

அம்மா என்னைப் பார்த்த பார்வையில் பெருமை வழிந்தது. நான் பட்டம் வாங்கிய அன்றுகூட அப்படிப் பார்க்கவில்லை. அக்கா என்னைப் பார்த்த பார்வையை நான் அன்றைக்குச் சரியாகக் கவனித்திருந்தால் இந்தக் கட்டுரைக்கு அவசியம் வந்திருக்காது.

ஞாயிற்றுக்கிழமை அவர்கள் நாலு பேராக வந்தார்கள். மோகன், அவருடைய அம்மா, அப்பா, தாய்மாமா. அப்பா தோட்டத்தில் வேலை செய்து ஓய்வெடுத்தவர், அதிகம் பேசமாட்டார். அதிகம் பேசும் வேலை தாய்மாமாவுடையது. மழை வருமோ என்று ஒரு பெரிய கறுப்புக் குடையோடு வந்திருந்தார். பக்கத்து வீட்டில் வாங்கிய பிளாஸ்டிக் கதிரைகளில் எல்லாரும் உட்கார்ந்தார்கள். முறுக்கும் வடையும் வைத்தோம். வழக்கப்படி கொஞ்ச நேரம் கழித்து அக்கா தேத்தண்ணி கொண்டு வரவேண்டும். அந்தக் கொஞ்ச நேரம்தான் எனக்குக் கொடுக்கப்பட்ட பரீட்சை நேரம்.

"இப்ப மழை எப்படிங்க உங்க பக்கம்?" என்று தொடங்கினேன். (பேச்சோட பேச்சு.)

"பரவால்ல தம்பி" என்றார் மோகனின் அம்மா.

"அம்மாவுக்கும் ஐயாவுக்கும் எத்தன வயசு வித்தியாசங்க?"

மழையிலிருந்து அதற்கு எப்படி வந்தேன் என்று அந்த அம்மாவுக்கு விளங்கவில்லை. சேலைத் தலைப்பை இழுத்துத் தோளில் போட்டுக்கொண்டார்.

"ஏழு வருசம். அவரு மூப்பு. ஏன் தம்பி?"

"சும்மாதாங்க. மகன் பொறக்கிறப்ப உங்களுக்கு என்ன வயசு?"

"இருபத்திமூணு."

"ஐயாவுக்கு?"

"முப்பது தம்பி" என்றார் அப்பா.

மோகன் ஒரு முறுக்கைக் கையில் வைத்துக்கொண்டு என்னையே பார்த்தார். நான் அவரைப் பார்த்து, இன்னும் ரெண்டு நிமிசத்தில் நீங்கள் யாரென்று சொல்லிவிடுவேன் என்ற மாதிரி ஒரு புன்னகை செய்தேன். எதற்கும் இருக்கட்டும் என்று அப்பாவிடம் இன்னொன்று கேட்டேன்.

"ஐயாவுக்கு இப்ப என்ன வயசுங்க?"

"எந்த வயசு தம்பி?" என்றார் அவர்.

பகிடி விடுகிறார் என்று நினைத்துப் பலமாகச் சிரித்தேன். நான் சிரித்ததைப் பார்த்து அவரும் சிரித்தார். இரண்டு பேரும் சிரித்து முடிந்தபோது கேள்வி செத்துப்போயிருந்தது. மறுபடி கேட்பது மரியாதையில்லை. தவிர, கையில் மூன்று தரவு இருக்கிறது, மாப்பிள்ளை எங்கே போய்விடப் போகிறார் என்று நினைத்தேன். கை கழுவிவிட்டு வருகிறேன் என்று சொல்லிவிட்டு வீட்டின் பின்பக்கம் பைப்படிக்குப் போனேன்.

காகிதத்தில் எழுதினால் யாராவது பார்த்துவிடுவார்கள் என்ற முன்யோசனையில், பேனாவை எடுத்து இடது உள்ளங்கையில் எழுதினேன். "மாப். = x" என்று போட்டுக்கொண்டேன். அம்மாவின் வயது x + 23. அப்பா அவரைவிட ஏழு வயது மூப்பு, ஆகவே x + 23 + 7. அப்பா தன் வாயால் சொன்னபடி அவருடைய வயது x + 30. இரண்டும் ஒரே ஆளின் வயது. சமப்படுத்தினேன். இரண்டு பக்கமும் x இருந்தது. இரண்டு பக்கத்திலிருந்தும் x-ஐக் கழித்தேன். முப்பது சமன் முப்பது. அதையும் கழித்தேன். 0 = 0.

மாப்பிள்ளையைக் காணவில்லை.

மறுபடி போட்டேன். மறுபடியும் சைபர் சமன் சைபர். வகுப்பில் இந்த விதியைக் கரும்பலகையில் பெட்டி கட்டிப் படிப்பித்திருந்தேன். x மறைந்துபோய், மிஞ்சுவது உண்மையாக இருந்தால், அந்தச் சமன்பாட்டுக்கு எண்ணற்ற தீர்வுகள். அதாவது எந்த எண்ணைப் போட்டாலும் பொருந்தும். மாப்பிள்ளைக்கு மூன்று வயதாக இருக்கலாம். முப்பதாக இருக்கலாம். தொண்ணூறாகவும் இருக்கலாம். ஜன்னல் வழியாக எட்டிப் பார்த்தேன். மனிதர் முறுக்கைக் கடித்துக்கொண்டிருந்தார். பல்லை வைத்துப் பார்த்தால் மூன்றையும் தொண்ணூறையும் தள்ளிவிடலாம் என்று தோன்றியது. அதற்குமேல் கணிதத்தால் எதுவும் சொல்ல முடியவில்லை.

இன்றைக்கு என் வகுப்பில் ஒன்பதாம் ஆண்டுப் பிள்ளைகூட இதைச் சொல்லிவிடும். நான் வாங்கி வைத்திருந்தது எல்லாம் வித்தியாசங்கள். அதுவும் ஒரே செய்தியை மூன்று பேச்சாகக் கேட்டு வாங்கியது. மாத்தளைக்கும் நாவுலவுக்கும் எவ்வளவு தூரம் என்று பஸ்ஸில் இருக்கிற எல்லாரிடமும் கேட்டாலும், பஸ் இப்போது எங்கே நிற்கிறது என்று தெரியாது. ஆனால் அன்றைக்கு எனக்குத் தோன்றியது ஒன்றுதான். தரவு போதவில்லை. இன்னும் கொஞ்சம் வேண்டும்.

திரும்பி முன் அறைக்கு வந்தேன். மோகனின் அம்மாவும் அப்பாவும் எழுந்து நின்று சுவரில் மாட்டியிருந்த எங்கள் அப்பாவின் படத்தைப் பார்த்துக்கொண்டிருந்தார்கள். எங்கள் அம்மா அருகில் நின்று விளக்கம் சொல்லிக்கொண்டிருந்தார். நல்ல சமயம் என்று தாய்மாமாவின் பக்கத்தில் உட்கார்ந்தேன். விடையைச் சரிபார்ப்பது நல்ல கணித வழக்கம்.

"மாமா, இவரு பொறக்கிறப்ப இவரோட அப்பாவுக்கு என்ன வயசுன்னு உங்களுக்கு ஞாபகம் இருக்கா?"

"முப்பத்திரெண்டு" என்றார் தாய்மாமா யோசிக்காமல். "நான்தானே போய்ப் பதிஞ்சேன், எனக்குத் தெரியாதா?"

மோகனுக்கு முறுக்கு புரைக்கேறியது. தண்ணீர் எடுத்துக் கொடுத்துவிட்டு மறுபடி பைப்படிக்கு ஓடினேன். ("தம்பிக்கு வயித்துல ஏதும் சரியில்லையா?" என்று தாய்மாமா கேட்டது முதுகுக்குப் பின்னால் கேட்டது.) உள்ளங்கையில் மிச்சமிருந்த இடத்தில், கட்டைவிரலின் அடியில் எழுதினேன். அப்பா சொன்னபடி x + 30. மாமா சொன்னபடி x + 32. இரண்டும் ஒரே அப்பாவின் வயது. x-ஐக் கழித்தேன். முப்பது சமன் முப்பத்திரெண்டு. 0 = 2.

விதி தெளிவானது. x மறைந்துபோய், மிஞ்சுவது பொய்யாக இருந்தால், அந்தச் சமன்பாட்டுக்குத் தீர்வே இல்லை. கொஞ்ச நேரத்துக்கு முன் எந்த வயதிலும் இருக்கக்கூடியவராக இருந்த மனிதர் இப்போது எந்த வயதிலும் இருக்க முடியாதவராகிவிட்டார். பைப்படியில் நின்றபடி எனக்குத் தலை சுற்றியது. ஆனால் கணிதம் பொய் சொல்லாது என்று நான்தானே பிள்ளைகளுக்குச் சொல்கிறேன்.

குசினிக்குள் ஓடினேன். அதற்குள் அம்மாவும் அங்கே வந்திருந்தார். அக்கா தேத்தண்ணித் தட்டைத் தூக்கக் குனிந்துகொண்டிருந்தாள்.

"அம்மா, மாப்பிள்ளைக்குத் தீர்வு இல்ல."

"தீர்வுன்னா?"

"கணக்குப்படி அப்படி ஒரு ஆளே இருக்க முடியாது."

அம்மா கதவுச் சீலையை விலக்கி முன் அறையை எட்டிப் பார்த்தார். பிறகு என்னைப் பார்த்தார்.

"அப்ப முறுக்கு சாப்பிடுறது யாருடா?"

"அது தெரியல. ஆனா எங்கயோ ரெண்டு வருசம் இடிக்குது. அவங்கள்ல யாரோ பொய் சொல்றாங்க."

இந்தக் கடைசி வாக்கியம் மட்டும் அம்மாவுக்கு விளங்கியது. முகம் சிவந்தது. "பொய் சொல்ற குடும்பத்துக்கா என் பொண்ணக் குடுக்கிறது?" என்றார். (இருபத்தெட்டு என்று ஆள் மூலமாகச் சொன்னவர்.) அக்காவின் கையிலிருந்த தட்டை வாங்கி மேசையில் வைத்தார். "நீ தேத்தண்ணி கொண்டு போகாத."

"ஆறிப் போயிரும்மா" என்றாள் அக்கா. என் பக்கம் திரும்பி, "என்னடா செஞ்ச?" என்று மட்டும் கேட்டாள். கேசரித் தட்டைக் கழுவியபோது இருந்த அதே முகம். சரி, எல்லாம் சரியாகத்தான் இருக்கும் என்று சொல்ல வாயெடுத்தேன். ஆனால் முப்பதும் முப்பத்திரெண்டும் சமனில்லையே. எப்படிச் சொல்வது?

பெண் பார்க்கிற வீட்டில் தேத்தண்ணி வரவில்லை என்றால் அதற்கு ஓர் அர்த்தம் உண்டு. யாரும் வாயைத் திறந்து சொல்லமாட்டார்கள், ஆனால் எல்லாருக்கும் தெரியும். முன் அறையில் பேச்சு மெல்ல மெல்ல நின்றது. மோகனின் அப்பா கலண்டரைப் படிக்க ஆரம்பித்தார். அந்த மாதம் முடிந்து அடுத்த மாதத்தையும் தூக்கிப் பார்த்தார். மோகனின் அம்மா சேலைத் தலைப்பை மறுபடி இழுத்துவிட்டுக்கொண்டார். மோகன் குசினிப் பக்கமே பார்த்துக்கொண்டிருந்தார். கடைசியில் தாய்மாமா குடையைக் கையில் எடுத்தார்.

"அப்ப நாங்க கெளம்புறோம். பஸ்ஸுக்கு நேரமாகுது."

எல்லாரும் எழுந்தார்கள். குசினியில் கோப்பைகள் ஒன்றோடொன்று மோதும் சின்னச் சத்தம் கேட்டது. அக்கா தட்டைத் தொட்டிருக்கவேண்டும். நான் என்ன செய்கிறேன் என்று தெரியாமலேயே ஓடிப்போய் வாசற்படியில் நின்று, பொலிஸ்காரர் பஸ்ஸை மறிப்பது மாதிரி இடது கையை உயர்த்தினேன்.

"கொஞ்சம் இருங்க."

நாலு பேரும் நின்றார்கள். நாலு பேரும் என் முகத்தைப் பார்க்கவில்லை. என் கையைப் பார்த்தார்கள்.

மோகன் போனுக்குள் இருக்கிற பொடி எழுத்துகளைப் படித்துப் பழகிய மனிதர். ஓர் அடி முன்னால் வந்து, என் மணிக்கட்டைப் பிடித்து வெளிச்சத்துப் பக்கம் திருப்பி, நிதானமாக வாசித்தார்.

"மாப் சமன் x. x கூட்டல் இருபத்திமூணு கூட்டல் ஏழு. சைபர் சமன் சைபர். அப்புறம் இங்க சைபர் சமன் ரெண்டு." நிமிர்ந்து என்னைப் பார்த்தார். "இந்த மாப்ங்கிறது யாரு?"

"நீங்கதான்" என்றேன்.

"அப்ப நான் ஏன் கடைசியில இல்லாமப் போயிட்டேன்?"

பொய்யாக எதையாவது சொல்லியிருக்கலாம். ஆனால் கரும்பலகைக்கு முன்னால் நிற்கும் பழக்கத்தில், "அம்மாவும் அப்பாவும் சொன்னத வச்சுப் பாத்தா உங்களுக்கு எண்ணற்ற தீர்வு. மாமா சொன்னதையும் சேத்தா தீர்வே இல்ல" என்று விதியை விளக்க ஆரம்பித்துவிட்டேன். மோகனின் அம்மா வாயில் கை வைத்தார். தாய்மாமா, யாரோ தன்னைத் திட்டிவிட்டார்கள் என்று விளங்கி, ஆனால் என்ன திட்டினார்கள் என்று விளங்காமல், குடையை மாற்றிப் பிடித்தார்.

அப்போது அக்கா தேத்தண்ணித் தட்டோடு வந்தாள். அம்மா பின்னாலிருந்து சேலையைப் பிடித்து இழுத்ததையும் பொருட்படுத்தவில்லை. யாருக்கும் பரிமாறாமல் நேரே மோகனின் முன்னால் போய் நின்றாள்.

"எனக்கு முப்பது வயசு. இருபத்தெட்டுன்னு சொன்னது பொய். உங்களுக்கு என்ன வயசு?"

அம்மா கதவு நிலையைப் பிடித்துக்கொண்டார். நான் அரைமணி நேரம் பைப்படிக்கும் முன் அறைக்கும் ஓடி, ஒரு கை முழுக்க எழுதியும் கேட்காத கேள்வி அது.

மோகன் தட்டிலிருந்து ஒரு கோப்பையை எடுத்தார். அதைக் குடிக்காமல் கையிலேயே வைத்துக்கொண்டார்.

"உண்மையில முப்பத்தொண்ணு. பதிவுல இருபத்தொம்பது. எதச் சொன்னாலும் ஒரு பக்கம் பொய்யாகிருது. அதான் நீங்க கேக்காம இருந்தா நல்லதுன்னு நானும் பேசாம இருந்தேன்."

பிறகு கதை தாய்மாமாவிடமிருந்து வந்தது. மோகன் தோட்டத்து லயத்து வீட்டில் பிறந்தபோது மழைக்காலம். ரோட் இல்லை. டவுனுக்குப் போய்ப் பதிய ஒருநாள் வேலையை விடவேண்டும். இன்றைக்கு, நாளைக்கு என்று இருந்ததில் இரண்டு வருசம் ஓடி, பிள்ளை எழுந்து நடக்கவும் ஆரம்பித்துவிட்டது. பிந்திப் பதிந்தால் சத்தியக்கடதாசி அது இது என்று அலையவேண்டும் என்று பயந்து, தாய்மாமா பிள்ளையை வீட்டிலேயே விட்டுவிட்டுத் தனியாகப் போய், போன மாதம்தான் பிறந்தான் என்று சொல்லி, அப்பாவின் அன்றைய வயதாக முப்பத்திரெண்டையும் கொடுத்துப் பதிந்துவிட்டார். அன்றிலிருந்து மோகனுக்கு இரண்டு வயது. வீட்டில் ஒன்று, கடதாசியில் ஒன்று.

"எங்க தோட்டத்துல பாதிப் பேருக்கு இப்படித்தாங்க" என்றார் அவருடைய அப்பா. "எனக்கும் ரெண்டு இருக்கு. அதான் நான் அப்பவே கேட்டேனே தம்பி, எந்த வயசுன்னு."

"வயசக் கேட்ருவீங்களோன்னு நான் பஸ்ஸுல வரும்போதெல்லாம் சாமியக் கும்பிட்டுக்கிட்டு வந்தேங்க" என்றார் மோகனின் அம்மா.

"நானுந்தாங்க" என்றார் எங்கள் அம்மா. "நீங்க கேட்ருவீங்களோன்னு."

இரண்டு அம்மாமாரும் ஒருவர் கையை ஒருவர் பிடித்துக்கொண்டார்கள். சாமிக்குத்தான் அன்றைக்கு யார் பக்கம் பேசுவது என்று குழப்பமாக இருந்திருக்கும். தாய்மாமா குடையைக் கதவு மூலையில் சாய்த்து வைத்துவிட்டு மறுபடி உட்கார்ந்தார். மோகன் ஆறிப்போன தேத்தண்ணியைக் குடித்துவிட்டு அக்காவைப் பார்த்து, "சூடு சரியா இருக்கு" என்றார். அந்த வீட்டில் அன்றைக்குச் சொல்லப்பட்ட கடைசிப் பொய் அதுதான். அக்கா சிரித்தாள். நான் அவசரமாகப் பைப்படிக்குப் போய்க் கையைத் தேய்த்துக் கழுவினேன். மை போகவில்லை. திங்கட்கிழமை வகுப்பில் அந்தக் கையை எப்போதும் காற்சட்டைப் பைக்குள் வைத்துக்கொண்டே படிப்பித்தேன்.

கலியாணத்தன்று விவாகப் பதிவாளர் மூக்குக் கண்ணாடியைச் சரிசெய்துகொண்டு, "மணமகனின் வயது?" என்று கேட்டார். மண்டபத்தில் இருந்த இரண்டு குடும்பமும் ஒரே நேரத்தில் திரும்பி என்னைப் பார்த்தது. அக்கா தலையைக் குனிந்துகொண்டாள், தோள் குலுங்கியது. பெண் அழுகிறாள் என்று பதிவாளர் நினைத்தார். தாலி கட்டும் நேரத்தில்கூட அவளால் அந்தச் சிரிப்பை அடக்க முடியவில்லை. எல்லாப் படத்திலும் அப்படித்தான் இருக்கிறாள்.

பதிவாளர் பிறப்புச் சான்றிதழைப் பார்த்து எழுதினார். ஆகவே அரசாங்கத்தின்படி அக்கா அத்தானைவிட ஒரு வயது மூத்தவள். வீட்டின்படி ஒரு வயது இளையவள். இது அவளுக்கு நல்ல வசதியாகப் போய்விட்டது. எந்தச் சண்டையிலும் அவள்தான் மூத்தவள், "பதிவப் பாருங்க" என்பாள். வேலை செய்யவேண்டிய இடத்தில் அவள் இளையவள், "மூத்தவங்க நீங்கதான் முன்னால போகணும்" என்பாள். அத்தானுக்கு இரண்டு பிறந்தநாள் வருகிறது. இரண்டுக்கும் கேசரிதான். இரண்டிலும் அவருக்கு என்ன வயது என்று யாராவது கேட்டால் எனக்கு இன்றைக்கும் தலை சுற்றும். கேசரித் தட்டைப் பார்த்துக்கொண்டிருப்பேன்.

எங்கள் குடும்பத்தில் "கொஞ்சம் இரு" என்று யாரும் வாயால் சொல்வதில்லை. இடது உள்ளங்கையை உயர்த்திக் காட்டுவார்கள். செத்த வீட்டில்கூட அதைச் செய்து சிரிப்பு மூட்டிய பாவிகள் உண்டு.

அக்காவின் மகள் நிலா இப்போது எட்டாம் ஆண்டு. போன வாரம் நான் அவர்கள் வீட்டுக்குப் போனபோது கொப்பியோடு வந்து உட்கார்ந்தாள். அத்தான் பக்கத்தில் ஒரு போனைக் கழற்றிப் போட்டுத் திருத்திக்கொண்டிருந்தார்.

"மாமா, ஒரு எளிய சமன்பாட்டுக்கு எத்தன தீர்வு இருக்கலாம்?"

இருபத்தைந்து வயதில் என்றால் துள்ளியிருப்பேன். இப்போது நிதானமாகச் சொன்னேன். "அனேகமா ஒண்ணு இருக்கும். சிலதுக்கு எந்த எண்ணப் போட்டாலும் சரியா வரும். சிலதுக்கு ஒண்ணுமே இருக்காது."

"ஒண்ணுமே இல்லாததுக்கு ஒரு உதாரணம் சொல்லுங்க."

நான் பேனாவை எடுப்பதற்குள் குசினியிலிருந்து அக்காவின் குரல் வந்தது.

"ஒங்கப்பாதான். மாமாவோட கணக்குப்படி அவரு பொறக்கவே இல்ல."

நிலா பேனா முனையைக் கடித்தாள். அப்பாவைப் பார்த்தாள். பிறகு என்னைப் பார்த்தாள்.

"அப்ப நான்?"

விதியை விளக்க வாயைத் திறந்தேன். அத்தான் திருத்திக்கொண்டிருந்த போனை மெதுவாகக் கீழே வைத்துவிட்டு, தன் இடது உள்ளங்கையை என் முகத்துக்கு நேரே உயர்த்தினார்.